வலஞ்சுழி, இடஞ்சுழி

சங்குமுனையில் எல்லோரும் ஒரே நிறத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமைகளில் முடிவெட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் என்பதால், தைலம்மை கடைவாசலில் உட்கார்ந்து சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பால்காரர் போனார். பாலில் தண்ணீர் கலந்ததற்காக அவரைத் திட்டிக்கொண்டே சுங்க அதிகாரியின் வெள்ளைக்கார மனைவி போனாள். அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த வேலைக்காரி போனாள். மூன்று பேரும் வறுத்த வெந்தயத்தின் நிறத்தில் இருந்தார்கள். ஒருவருக்குக் கூடுதலாகவும் இல்லை, ஒருவருக்குக் குறைவாகவும் இல்லை. தைலம்மை தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் வெந்தயம்தான். "சரி" என்று சொல்லிவிட்டு, கத்தியை இன்னும் நாலு இழுப்பு தீட்டினாள்.

அந்தத் தீவில் நிறம் என்பது சும்மா பார்த்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பதிவுக் கச்சேரியில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. பிறக்கிற ஒவ்வொரு குழந்தையையும் அதில் ஒரு வரிசையில் எழுதுவார்கள். எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம், செத்தால் எந்த மண்ணில் புதைக்கலாம் என்பதையெல்லாம் அந்த வரிசைதான் சொல்லும். வரிசைகள் மட்டும் நிலையாக நின்றதில்லை. கரும்பு வெட்ட நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தைலம்மையின் பூட்டனை 'மலபாரி' என்று எழுதினார்கள், அவர் மலபாரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள் அப்பாவின் காலத்தில் அந்த வரிசையை அடித்துவிட்டு 'ஆசியர்' என்றார்கள், சீனர்களும் அதிலேயே வந்து சேர்ந்தார்கள். அவள் பிறந்தபோது மறுபடியும் பிரித்து 'இந்தியர்' ஆக்கினார்கள். ஜவுளி விற்ற சிரியாக்காரர்கள் முப்பது வருடம் ஆசியராக இருந்து, ஒரு வழக்கில் ஜெயித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஐரோப்பியர் ஆனார்கள். 'கலப்பினர்' ஆவதற்கு ஒரு காலத்தில் எட்டில் ஒரு பங்கு வேற்று ரத்தம் போதும் என்றார்கள், பிறகு நாலில் ஒரு பங்கு வேண்டும் என்றார்கள், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தூங்கி எழுவதற்குள் வேறு ஆளாகிப்போனார்கள். இப்படிப் பெயர் மாறும்போதெல்லாம் சனங்கள் முதல் வருடம் முணுமுணுத்தார்கள், இரண்டாம் வருடம் பழகிக்கொண்டார்கள், மூன்றாம் வருடம் அந்தப் பெயருக்காக அடித்துக்கொண்டார்கள்.

தைலம்மைக்கு அந்தப் புத்தகத்தோடு ஒரு சொந்தச் சண்டை இருந்தது. அவள் புருஷன் மத்தியாஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். அவன் 'கறுப்பர்' வரிசை, அவள் 'இந்தியர்' வரிசை. அதனால் அவர்கள் கல்யாணம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அவன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும், அவள் இந்தப் பக்கம். கடைக்கு வாடிக்கையாளராக வரத் தடையில்லை என்பதால், அந்தத் தீவிலேயே வாரத்துக்கு மூன்று தரம் முடிவெட்டிக்கொண்ட ஒரே மனிதன் மத்தியாஸ்தான். எட்டு வருடமாக அவன் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமே இருந்ததில்லை. ஏழு வயது மகள் அன்னமேரி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அப்பாவின் கழுத்தில் துணி கட்டுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மத்தியாஸ் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கால்வாய்ப் பாலத்தைக் கடந்து நேராக வந்தான். பாலத்துக் காவலர் அவன் முகத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், வழிவிட்டார்.

"இனிமே முடிவெட்ட வரல தைலா," என்றான் அவன். "குடியிருக்க வந்திருக்கேன்."

"முதல்ல பெட்டிய இறக்கு, கழுத்து சுளுக்கிக்கப் போவுது," என்றாள் தைலம்மை. அன்று முதன்முறையாக மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஊர் இரண்டே வாரத்தில் அந்த நிறத்துக்குப் பழகிவிட்டது. துரைமார்கள் கிளப்பில் யாரை உள்ளே விடுவதென்று தெரியாமல் காவலாளி எல்லோருக்கும் சலாம் போட்டான், மூன்று மீன்காரிகள் உள்ளே போய்ப் பந்து விளையாடிவிட்டு வந்தார்கள். நீதிபதி தன் வீட்டுத் தோட்டக்காரன் என்று நினைத்துத் தன் மைத்துனனையே அதட்டினார். முகத்துக்குப் பூசும் வெள்ளை மாவை வாங்க ஆளில்லாமல், சீனக்கடை மெய்லான் அதைப் பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டாள். ஏன் இப்படி ஆயிற்று என்று கொஞ்ச நாள் பேசினார்கள். காற்று என்றார் ஒருவர், மீன் என்றார் இன்னொருவர். பிறகு கரும்பு வெட்டும் பருவம் வந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

விட முடியாதவர்கள் கச்சேரியில் இருந்தார்கள். நாலாம் மாதம் பதிவுக் கமிஷனர் ஆர்விக் துரை தலைநகரிலிருந்து வந்து புதுச் சட்டத்தைப் படித்தார். தோல் ஏமாற்றிவிட்டது, ஆனால் தலை உச்சியில் இருக்கும் சுழி ஏமாற்றாது. சுழி வலமாகச் சுற்றுகிறவர்கள் ஒரு இனம், இடமாகச் சுற்றுகிறவர்கள் ஒரு இனம். வலஞ்சுழி உயர்ந்தது, ஏனென்றால் கவர்னருக்கு வலஞ்சுழி. வலஞ்சுழிக்காரர்கள் துறைமுகப் பக்கம், இடஞ்சுழிக்காரர்கள் கால்வாய்க்கு அப்பால். இரட்டைச்சுழிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மலைமேல் ஒரு விடுதியில் வளர்ப்பார்கள்.

சுழியைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, முடிக்குள் விரல் விட வேண்டும். அரசாங்க வைத்தியர்கள் கண்டவர் தலையைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே ஊருக்கு ஒரு முடிதிருத்துகிறவரை நியமித்தார்கள், சங்குமுனைக்குத் தைலம்மை.

"உனக்குச் சுழி பார்க்கத் தெரியுமா என்று துரை கேட்கிறார்," என்றார் துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி.

"இருபது வருஷமா அதச் சுத்தித்தான் கத்தரிக்கோல் ஓட்டுறேன். சுழி தெரியாம வெட்டினா முடி குத்திட்டு நிக்கும்னு துரைகிட்ட சொல்லுங்க."

பித்தளை முத்திரையையும் ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டுத் துரை போனார். அன்று மாலை விளக்கேற்றியதும் தைலம்மை தன் வீட்டுத் தலைகளைத்தான் முதலில் பார்த்தாள். பார்க்க வேண்டியதே இல்லை, அவள் விரல்களுக்கு எல்லாம் தெரியும். மத்தியாஸுக்கு இடம். அன்னமேரிக்கு ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி இரண்டு சுழி. தைலம்மைக்கு வலம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

"என்ன எழுதப்போற?" என்றான் மத்தியாஸ்.

"மூணு பேருக்கும் வலம்."

"பொய் எழுதுவியா?"

"உங்கம்மாவப் பெத்தவரு கப்பல்ல வந்த வெள்ளக்கார மாலுமி. உன்னயக் கறுப்பர்னு எழுதி வச்சிருந்தாங்களே, அது மட்டும் நெசமா?" என்று கேட்டுவிட்டு, அவள் மூன்று வரி எழுதினாள், மூன்று முத்திரை குத்தினாள்.

மறுநாள் விடிந்தபோது கடைவாசலில் ஊரே வரிசையில் நின்றது. முடிவெட்ட அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கொல்லைவாசலில் நிற்கவைத்து, வெட்டி முடிந்ததும் தலைமுழுகிய வீட்டார்கள்கூட வாழைப்பழமும் வெற்றிலையுமாக வந்து அவள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். முதலில் மெய்லான் தன் இரட்டைப்பிள்ளைகளோடு வந்தாள். ஒருவனுக்கு வலம், ஒருவனுக்கு இடம். தைலம்மை விரலை எடுக்காமல் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள். மெய்லான் இரண்டு பிள்ளைகளின் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் வலம்," என்றாள் தைலம்மை. "நீயும் வா, உனக்கும் வலம்தான்."

அன்றிலிருந்து அவள் தலையைத் தொடுவதற்கு முன்னால் "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். குடும்பத்தில் மூத்தவருக்கு எந்தச் சுழியோ அதையே எல்லோருக்கும் எழுதினாள். சண்டையிட்டுப் பிரிய நினைத்த இரண்டு அண்ணன்தம்பிகளுக்கு மட்டும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி வேறுவேறு எழுதினாள். புத்தகம் தலைநகருக்குப் போனது. சங்குமுனையில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரே சுழிதான் இருக்கிறது என்பதைக் கண்டு அங்கே இருந்த பண்டிதர்கள் பரவசப்பட்டார்கள். சுழி ரத்தத்தில் வருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதினார்கள்.

ஒரு வருடம் முணுமுணுத்துவிட்டு, சனங்கள் பழகிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பின்னலை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். வலஞ்சுழிக்காரர்கள் கோயிலை வேகமாகச் சுற்றுவார்கள், இடஞ்சுழிக்காரர்கள் கணக்கில் கெட்டி, சமையலில் உப்பு தூக்கல், குரலைக் கேட்டாலே சொல்லிவிடலாம் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அருணகிரி, 'வலஞ்சுழியார் பழம்பெருமை' என்று ஒரு சிறுபுத்தகம் அச்சடித்தார். வலம்புரிச் சங்கையும் பிள்ளையாரின் துதிக்கையையும் சாட்சிக்கு அழைத்து, உலகத்தின் முதல் மனிதன் வலஞ்சுழிக்காரன் என்று அதில் நிறுவியிருந்தார். அவர் தலையில் இடஞ்சுழி இருந்தது. அவர் மனைவிக்காகத்தான் தைலம்மை அவரை வலம் என்று எழுதியிருந்தாள். புத்தகத்தைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாள் வரைக்கும் அவளுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

தேர்த்திருவிழா அன்று சிரிப்பு நின்றது. வலஞ்சுழிக்காரர்கள் மட்டும் இழுக்கும் தேர்வடத்தை இடஞ்சுழிக்காரன் தொட்டுவிட்டான் என்று, சவரியப்பன் என்கிற ரிக்‌ஷாக்காரனை இருபது பேர் சேர்ந்து அடித்தார்கள். அவன் ஒரு கண் போய்விட்டது. கடைக்குத் தூக்கிவந்தபோது தைலம்மைதான் அவன் முடியை மழித்து, மண்டைக் காயத்தைத் தைத்தாள். ரத்தத்தைத் துடைத்த இடத்தில், சுத்தமாக வலம் சுற்றிய சுழி தெரிந்தது. மாமியார் வீட்டோடு சேர்ந்து இருக்கட்டும் என்று அவள்தான் அவனை இடம் என்று எழுதியிருந்தாள்.

"அடிச்சதுல முன்னால நின்னது யாரு?" என்று கேட்டாள்.

அவன் சொன்ன மூன்று பெயரும் அவளுக்குத் தெரியும். மூன்று பேரும் இடஞ்சுழிக்காரர்கள், அவள் கையால் வலம் ஆனவர்கள். குடும்பங்களைச் சேர்த்துவைத்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முத்திரை குத்திய ஒவ்வொரு தாளும் ஊருக்குள் போய்க் கோடு கிழித்திருந்தது.

இரண்டாம் வருடக் கடைசியில் கவர்னர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு இடஞ்சுழி. ஒரு மாதத்தில் சட்டம் திரும்பியது: உயர்ந்தது இடஞ்சுழி, வலஞ்சுழிக்காரர்கள் முப்பது நாளில் கால்வாய்க்கு அப்பால் போக வேண்டும், ஆர்விக் துரை நேரில் வந்து சங்குமுனையின் தலைகளை மறுபடியும் பரிசோதிப்பார். அருணகிரி வாத்தியார் தன் புத்தகத்தையெல்லாம் வீடுவீடாகத் திரும்ப வாங்கினார். இதயம் இடப்பக்கம்தானே இருக்கிறது என்று தொடங்கும் புதுப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். பிறகு துண்டால் தலையை மூடிக்கொண்டு தைலம்மையின் கடைக்கு வந்தார்.

"தைலம்மை, சரியாப் பாத்தியா? ஒருவேளை எனக்கு இடமா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம் வாத்தியாரே," என்றாள் அவள். "திங்கக்கிழமை படகுக் கொட்டகைக்கு வாங்க. எல்லாருக்கும் சேத்துச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் மெய்லானும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கள இடம்னு மாத்தி எழுதிடுங்கக்கா. கடைய விட்டுட்டு எங்க போவோம்?"

அவள் போன பிறகு மத்தியாஸ் சொன்னான்: "எல்லாரையும் இடம்னு எழுதிட்டாப் போச்சு. ஒருத்தரும் போக வேண்டாம்."

"துரை ஒத்துப்பாரா? யாராவது கால்வாயத் தாண்டிப் போயாகணும். இல்லேன்னா அவங்களுக்குச் சட்டம் எதுக்கு? நாளைக்கு வேற கவர்னர் வருவான், மறுபடி திருப்புவான், நான் மறுபடி முத்திரை குத்தணும். சவரியப்பனுக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்கு மத்தியாஸ்."

"ஜெயில்ல போடுவாங்க தைலா."

"போடட்டும். மகளுக்குப் பேன் பாக்க உனக்குத் தெரியுமில்ல?"

திங்கட்கிழமை காலை படகுக் கொட்டகையில் ஊர் முழுக்க நின்றது. மேஜைமேல் பூதக்கண்ணாடியும் பித்தளை ஊசியும் வைத்துக்கொண்டு ஆர்விக் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துபாஷி, பின்னால் நாலு போலீஸ்காரர்கள். தைலம்மை முத்திரையையும் புத்தகத்தையும் மேஜையில் வைத்தாள், வேலைக்குத் தயாராகிற மாதிரி கையைத் துடைத்துக்கொண்டாள், பிறகு துரைக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நின்றாள்.

"இந்தப் பொஸ்தகத்துல இருக்கிறது எதுவும் உங்க தலையப் பாத்து எழுதினதில்ல," என்றாள். குரல் உயர்த்தவில்லை, தெருவில் காய்கறி விலை கேட்கிற குரல்தான். "உங்க வீட்டப் பாத்து எழுதினேன். பாதிப் பேருக்கு நீங்க நெனச்சிட்டிருக்கிற சுழி இல்ல. ரெண்டு வருஷமா ஒருத்தன ஒருத்தன் குரலக் கேட்டே கண்டுபிடிச்சீங்களே, உப்பப் பாத்துக் கண்டுபிடிச்சீங்களே, அதெல்லாம் நான் எழுதின பொய்ய வச்சுத்தான். சவரியப்பா, உன்னய அடிச்சவங்களும் இதே பொய்யிலதான் அடிச்சாங்க. உன் கண்ணுக்கு நானும் பொறுப்பு. எந்தச் சபையிலயும் அதச் சொல்லுவேன்."

கூட்டம் இரைந்தது. "பொய்! என் சுழி எனக்குத் தெரியாதா?" என்று ஒருவன் கத்தினான்.

"எப்படித் தெரியும்? தன் உச்சியத் தானே பாத்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா? இன்னொருத்தர் சொன்னதத்தான் நம்பிட்டிருக்கீங்க. என் பேச்சையும் நம்ப வேண்டாம். பக்கத்துல நிக்கிறவங்க தலையில விரல வச்சுப் பாருங்க."

துபாஷி அவசரமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். துரை எழுந்து நிற்பதற்குள், யாரும் எதிர்பாராத விதமாகச் சவரியப்பன் முன்னால் வந்தான். தன்னை அடித்தவர்களில் ஒருவனுக்கு எதிரே போய் நின்று, தன் தலையைக் குனிந்து காட்டினான். அந்த ஆள் மெதுவாகக் கையை நீட்டி அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். விரல் சுற்றியது. "வலம்," என்றான் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. சவரியப்பன் நிமிர்ந்து, கையை உயர்த்தி அவன் உச்சியைத் தடவினான். "உனக்கு இடம்டா," என்றான்.

அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. மீன்காரிகள் சுங்க அதிகாரியின் மனைவியின் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள், அவளும் எட்டி அவர்கள் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள், மெய்லானின் பிள்ளைகள் ஒருவன் தலையை ஒருவன் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள், பாலத்துக் காவலர் பால்காரரையும் பால்காரர் நீதிபதியையும் நீதிபதி தன் மைத்துனனையும் பார்த்தார்கள். நாற்பது வருடம் ஒரே படுக்கையில் படுத்தும் ஒருவர் தலையை ஒருவர் தொட்டறியாத கிழட்டுத் தம்பதிகள் தட்டுத்தடுமாறி விரல் தேடினார்கள். அந்தக் கொட்டகையில் கை வைக்கப்படாத தலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. "வலம்", "இடம்", "ஐயோ ரெண்டு", "உனக்கு எதுவுமே இல்லியே" என்று குரல்கள் எழுந்து, பிறகு சிரிப்பு எழுந்து, எங்கேயோ ஒரு ஓரத்தில் அழுகையும் எழுந்தது. அன்னமேரி ஒரு பெட்டிமேல் ஏறித் தன் தாயின் கொண்டைக்குள் விரலை விட்டாள்.

"அம்மா, ஒனக்கு இடம்."

தைலம்மை திகைத்துப்போனாள். "நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்துட்டேன்."

அப்பா தப்பாகச் சொன்னாரா, ஆசையாகச் சொன்னாரா, இனிமேல் கேட்க முடியாது. நாற்பத்திரண்டு வருடம் தன்னை வலஞ்சுழிக்காரி என்று எண்ணியிருந்தவள், ஊரோடு சேர்ந்து தானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர்கள் அவள் கையில் விலங்கை மாட்டினார்கள்.

அரசாங்கப் பதிவேட்டைப் பொய்யாக்கிய குற்றத்துக்குப் பத்து மாதம் சிறை. சங்குமுனையின் புத்தகம் செல்லாது என்று அறிவித்தார்கள். அதை வைத்து எழுதிய பண்டிதர்களின் புத்தகங்களும் அதோடு விழுந்தன. மற்ற ஊர்களிலும் சனங்கள் ஒருவர் தலையை ஒருவர் தொட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கேயும் முடிதிருத்துகிறவர்கள் தைலம்மை செய்ததையே செய்திருந்தார்கள் என்று தெரியவந்தது. முப்பது நாள் முடிந்தும் ஒருவரும் கால்வாயைத் தாண்டவில்லை. கச்சேரி சுழிச் சட்டத்தைச் சத்தமில்லாமல் கிடப்பில் போட்டது. சிறையில் தைலம்மை கைதிகளுக்கு முடிவெட்டினாள். யாராவது "எனக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "நடுவுல" என்று சொல்லிவிடுவாள்.

அவள் விடுதலையாகி வந்த படகை எதிர்கொள்ளத் துறையில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். அன்னமேரி ஒரு சாண் வளர்ந்திருந்தாள். மத்தியாஸ் தைலம்மையின் மூட்டையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். மெய்லான் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்: யார் யாருக்குக் கல்யாணம், சவரியப்பன் ரிக்‌ஷாவை விட்டுவிட்டுப் பழக்கடை வைத்தது, நேற்றுத் தலைநகரிலிருந்து ஒரு சேதி வந்தது. காதின் அடிமடல் கன்னத்தோடு ஒட்டியிருப்பவர்கள் ஒரு இனம், மடல் தொங்குகிறவர்கள் ஒரு இனம் என்று கச்சேரியில் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருணகிரி வாத்தியார் மாலையோடு வந்தார். "சங்குமுனைக்கே நீ பெருமை தேடித் தந்துட்ட அம்மா," என்று தொடங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை அவருக்குத் தெரியாமலே மெல்ல நழுவி, தைலம்மையின் காதோரம் போய் நின்றது.

தைலம்மை மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. சவரம் செய்யும்போது பிடிப்பது போல அவர் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, நேராகத் திருப்பினாள்.

"வாத்தியாரே, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."